சிறப்புத் தேவையுள்ள பெரியவர்களின் கடற்கரைக் கூடலுக்கு முதன்முறை உதவப் போகிறீர்களா?

பள்ளிக்கூட வயது முடிந்ததும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்கு வீடும் திண்ணையும்தான் உலகம் என்று ஆகிவிடுகிறது. அவர்களும் நாலு பேரோடு கூடிச் சிரிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். அதற்கு உதவப் போகிறவர், வந்தவர்களின் தோழராக இருக்க வேண்டும், காவல்காரராக அல்ல.

1. யாரிடம் கேட்பது

ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ, உங்கள் ஊர்ப் பக்கத்துச் சிறப்புப் பள்ளியிலோ விசாரியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதனால் வரப்போகும் ஒவ்வொருவரைப் பற்றியும் முன்கூட்டியே கேளுங்கள். வலிப்பு வருமா? விழுங்கச் சிரமமா? சத்தம் ஆகாதா? வேண்டாம் என்பதை எப்படித் தெரிவிப்பார்? கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது.

2. இடமும் நேரமும்

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். ஆனால் அது வாடைக்காலம், வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், மழையும் இருக்கும். அன்றைக்கு ஊருக்குள் ஒரு மண்டபம் பார்ப்பதே நல்லது. கடற்கரை வேண்டுமென்றால் மாசி, பங்குனியில் நாலு மணிக்கு மேல் போகலாம். அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழல் உண்டு. சக்கர நாற்காலியை மணலில் முன்னே தள்ளினால் சின்னச் சக்கரம் புதைந்துவிடும். திருப்பி, பின்பக்கமாக இழுங்கள். கழிப்பறை எங்கே என்று போனதும் பார்த்து வையுங்கள். மைக் செட்டின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, தள்ளி ஓர் அமைதியான மூலையில் பாயும் விரித்துவிடுங்கள்.

3. பேசுவது

நாற்பது வயதுக்காரரை "செல்லம்", "பாப்பா" என்று கூப்பிடாதீர்கள். அண்ணே, அக்கா, இல்லையென்றால் பெயர். "இவருக்கு டீ வேணுமா?" என்று அம்மாவிடம் கேட்க வேண்டாம். "அண்ணே, டீயா, சர்பத்தா?" என்று அவரிடமே கேளுங்கள், இரண்டையும் காட்டியே கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக் காத்திருங்கள். பதில் வர நேரமாகலாம். அந்த இடைவெளியில் நாம் கேள்வியை மாற்றிக் கேட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

அலையில் கால் நனைக்க மறுக்கிறாரா? சரி, கரையில் கூடவே உட்காருங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த மாவட்டம் இது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைப்பதை இங்கே யாரும் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

படம் எடுப்பதற்கும் அவரிடம் கேட்க வேண்டும்.

4. சாப்பாடு

நம் பக்கத்தில் மீன் இல்லாமல் விருந்தா? பரிமாறுங்கள், ஆனால் முள் எடுத்த துண்டாக. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு என்ன கொடுக்கலாம் என்று வீட்டாரிடம் கேட்டு, நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கவளமாக, அவர் வேகத்துக்குக் கொடுங்கள்.

5. வலிப்பு வந்தால்

கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் திணிக்காதீர்கள், அதனால் வலிப்பு நிற்காது. வாயில் தண்ணீரோ கரண்டியோ கூடாது. உதறும் கை கால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, அதுவே முதல் வலிப்பு என்றாலோ, தண்ணீருக்குள் இருந்தபோது வந்தாலோ உடனே 108. வலிப்பு உள்ளவர் கடலில் இறங்கினால் கையெட்டும் தூரத்தில், அவருக்கென்றே ஒருவர் நிற்க வேண்டும்.

6. கிளம்பும் நேரம்

திடீரென்று "வாங்க, வண்டி வந்தாச்சு" என்றால் பலருக்குப் பதற்றமாகிவிடும். அரை மணி முன்பும் பத்து நிமிடம் முன்பும் சொல்லிவிடுங்கள். வீட்டாரிடம் என்ன சாப்பிட்டார், எது பிடித்தது, எங்கே அசௌகரியப்பட்டார் என்பதைச் சொல்லுங்கள். அடுத்த கூடலுக்கு வர முடியும் என்றால் மட்டும் "வருவேன்" என்று சொல்லுங்கள். அவர்களில் பலர் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.