வெண்டிலேட்டரை எடுக்கச் சொன்னால் பாவமா? கத்தோலிக்கக் குடும்பங்கள் செய்யும் சில தவறுகள்

"இனிமேல் வெண்டிலேட்டர் மூச்சைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். குணமாக்காது. வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்" என்று ஐசியூ வாசலில் டாக்டர் சொன்னதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, எடுத்தால் பாவமா என்பதுதான். அப்பாவுக்காக அன்று அங்கே நின்றபோது நாங்கள் செய்த தவறுகளையே பிறகு வேறு குடும்பங்களிலும் பார்த்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சிகிச்சையை நிறுத்துவதையும் கொல்வதையும் ஒன்றாக நினைப்பது. கருணைக்கொலையைத் திருச்சபை ஒருபோதும் ஏற்பதில்லை. ஆனால் பலனுக்குப் பொருந்தாத, நோயாளிக்குப் பெரும் பாரமாகிவிட்ட சிகிச்சையை நிறுத்தலாம் என்று திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த நூலான கத்தோலிக்க மறைக்கல்வி (எண் 2278) தெளிவாகவே சொல்கிறது. அங்கே யாரும் சாவை வரவழைப்பதில்லை. தடுக்க முடியாததை ஏற்றுக்கொள்கிறார்கள். இது புதுச் சலுகையும் இல்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பரில், மயக்க மருந்து நிபுணர்கள் சுவாசக் கருவி பற்றிக் கேட்டபோதே இந்த வழியில்தான் பதில் சொன்னார். கருணைக்கொலையை 1995இல் கடுமையாகக் கண்டித்து எழுதிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலை, 2005இல் கடைசி நாட்களில் மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. வத்திக்கானில் தன் அறையிலேயே ஏப்ரல் 2 அன்று இறந்தார்.

இதோடு ஒட்டியது பணக் கேள்வி. இதை வாய்விட்டுக் கேட்க எல்லாருக்கும் கூச்சம். நிலத்தை விற்றாவது பார்ப்பதுதான் பாசம், செலவை யோசிப்பதே துரோகம் என்று நினைக்கிறோம். ஆனால் 1980இல் வத்திக்கான் வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய அறிவிப்பு, குடும்பத்தின் மேல் அளவுக்கு மீறிய செலவைச் சுமத்த விரும்பாமல் ஒரு நோயாளி சிகிச்சையை மறுப்பதும் நியாயமான காரணம் என்கிறது. அதைத் தற்கொலையாக எண்ணக் கூடாது என்றும் சொல்கிறது. கிழவர்தானே என்று தள்ளிவிட இது அனுமதி ஆகாது. சிகிச்சை தரும் பலனையும் அதன் பாரத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும்; பாரத்தில் பணமும் ஒன்று.

அடுத்தது, பைபிளைக் கண்ணை மூடித் திறந்து வசனம் பார்ப்பது. எங்கள் அக்கா அப்படித்தான் செய்தாள். நான் சாகேன், பிழைப்பேன் என்று வரும் 118ஆம் திருப்பாடல் விழுந்தது. அந்த நிமிடத்திலிருந்து, எடுத்துவிடலாம் என்று சொன்ன சித்தப்பா விசுவாசம் இல்லாதவர் ஆகிவிட்டார். இறைவார்த்தை வீட்டுக்குள் சண்டை மூட்டுவதற்கு வந்தது இல்லையே! வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறோம், புதுமை (அற்புதம்) நடக்கும், அதுவரை மெஷினை எடுக்காதீர்கள் என்பதும் இதே வகை. நேர்ந்துகொள்ளுங்கள், மனதார மன்றாடுங்கள். ஆனால் கடவுள் புதுமை செய்ய மெஷின் ஓடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பைபிளில் சீராக்கின் ஞானம் என்ற நூலின் 38ஆம் அதிகாரம், நோயில் மன்றாடச் சொன்ன கையோடு மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. அவர் சொல்லும் கசப்பான உண்மையைக் கேட்பதும் அந்த இடம் கொடுப்பதுதான்.

ஃபாதர் சொல்லட்டும், அப்படியே செய்துவிடலாம் என்று பாரத்தை அவர் தலையில் இறக்குவதும் சரியில்லை. திருச்சபை என்ன போதிக்கிறது என்று அவர் விளக்குவார். முடிவு நோயாளியுடையது, அவரால் முடியாதபோது சட்டப்படி அவருக்காகப் பேச உரிமை உள்ளவர்களுடையது. அவர்களும் நோயாளியின் நியாயமான விருப்பத்தை மதித்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது அதே 2278. நாங்களோ, அப்பா என்ன விரும்பியிருப்பார் என்று கேட்கவே இல்லை. பிள்ளைகள் குற்றவுணர்ச்சி இல்லாமல் எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசித்தோம், அதற்குக் கடவுளின் சித்தம் என்று பெயரும் வைத்தோம். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் இதற்கு ஒரு நல்ல வழி சொல்லிவைத்திருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர், அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறீர்கள். இதே நிலையில் அவருக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள்? அதையே நீங்களும் செய்யுங்கள் என்கிறார். மனம் இருண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று, எடுத்த முடிவை மாற்றி மாற்றிப் பேசும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு தேவை!

அப்புறம், அவஸ்தை பூசுதலை, அதாவது ஃபாதர் நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலைக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுவது. ஃபாதரைக் கூப்பிட்டாலே சாவு வந்துவிடும் என்று இன்னும் பயப்படுகிறோம். நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதில்லை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. நோயாளி நினைவோடு இருக்கும்போதே ஃபாதரை அழையுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அப்போதே நோயாளியிடம் கேளுங்கள். அதை எழுதியும் வைக்கலாம்: உச்ச நீதிமன்றம் 2018இல் எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் முன்கூட்டிய மருத்துவ உயிலை ஏற்றது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும்.

எடுத்துவிட்டால் கைவிட்டதாக அர்த்தம் என்பதும் தவறு. சாதாரணப் பராமரிப்பை நிறுத்தக் கூடாது. வலிக்கு மருந்து கொடுக்க வேண்டும்; ஆயுளைக் கொஞ்சம் குறைக்கும் ஆபத்து இருந்தாலும், சாவை நோக்கமாகக் கொள்ளாதவரை அது கூடும் என்று மறைக்கல்வி எண் 2279 சொல்கிறது. குழாயை எடுத்த பிறகும் நர்ஸ் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தார். அம்மா ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டே ஜெபமாலை சொன்னார். அக்காவும் சித்தப்பாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று பதில் சொன்னார்கள்.