இடமாற்றம் போனவரின் கணக்கை அழிக்காதீர்கள்: அலுவலக வலையமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் வன்னியில் அலுவலகத்துக்கு அலுவலகம் கதிரைகள் மாறும். வருடாந்த இடமாற்றம். கிளிநொச்சியில் இருந்தவர் வவுனியாவுக்குப் போவார், மல்லாவியில் இருந்தவர் முல்லைத்தீவுக்குப் போவார், புதியவர்கள் ஏ9 வழியே பஸ் பிடித்து வந்து கடமையேற்பார்கள். அந்த நாட்களில் அலுவலகக் கணினிகளை இணைக்கும் சேவரைப் பார்க்கும் தம்பி தங்கச்சிமாரிடமிருந்து எனக்கு அழைப்புகள் வரும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் விட்ட அதே பிழைகளை இப்போது அவர்கள் விடுகிறார்கள். ஆனபடியால்தான் இதை எழுதுகிறேன்.

பாஸ்வேர்டை எழுதித் திரையில் ஒட்டாதீர்கள், பிறந்த திகதியைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

போனவரின் கணக்கை அழிப்பது

இத்தனை வருடம் கழித்தும் என்னைக் கோபப்படுத்துவது இந்தப் பிழைதான்.

வன்னியில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். காணிக் கிளையில் இருந்த அக்கா ஒருவருக்கு வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம் வந்தது. அவர் விடுவிக்கப்பட்ட அன்றே அங்கிருந்த தம்பி அவருடைய லொகின் கணக்கையும் கணினியில் இருந்த புரொபைலையும் (அவருடைய கோப்புகளும் அமைப்புகளும் கிடக்கும் இடம்) சேர்த்து அழித்துவிட்டார். அக்கா மேன்முறையீடு செய்திருந்தார். இடமாற்றம் ரத்தாகி, சில நாட்களில் திரும்பி வந்துவிட்டார். தம்பி எனக்கு அழைத்தார்: "அண்ணை, நான் அதை அழிச்சிட்டன். அதே பேரில புதுசா ஒண்டு திறந்து குடுத்தாச் சரிதானே?" நான் பதில் சொல்ல முன்னரே திறந்தும் விட்டார்.

அக்காவால் லொகின் பண்ண முடிந்தது. ஆனால் காணிக் கோப்புகள் இருந்த போல்டர் அனுமதி இல்லை என்றது. காலை பஸ்ஸில் வந்த சனம் வெளியே வாங்கில் இருந்தது.

விண்டோஸ் டொமைனில், அதாவது ஒரே சேவரின் கீழ் இயங்கும் அலுவலகக் கணினிக் கூட்டத்தில், கணக்கு என்பது பெயர் அல்ல. ஒவ்வொரு கணக்கையும் உருவாக்கும்போது, கணக்குகளின் பதிவேடான அக்டிவ் டிரெக்டரி அதற்கு ஒரு நீண்ட இலக்கம் கொடுக்கிறது. எஸ்ஐடி என்பது அதுதான். எஸ்-1-5-21 என்று தொடங்கும், அந்த டொமைனில் இன்னொருவருக்கு அது திரும்பக் கிடைக்காது. ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தாலும் அடையாள அட்டை இலக்கம் வேறு வேறுதானே, அப்படி. போல்டரில் அனுமதி எழுதப்படுவது அந்த இலக்கத்துக்குத்தான், பெயருக்கு அல்ல. அதே பெயரில் புதிதாகத் திறந்தாலும் சேவருக்கு அவர் இன்றைக்கு வந்த புது ஆள்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், போல்டரை ரைட் கிளிக் செய்து புரொப்பட்டீஸ் போய் செக்யூரிட்டி பக்கத்தைத் திறவுங்கள். முன்பு அக்காவின் பெயர் இருந்த இடத்தில் அடையாளம் தெரியாத கணக்கு என்றும் பக்கத்தில் அந்த நீண்ட இலக்கமும் நிற்கும். ஐந்தாறு வருடம் இப்படியே அழித்துவந்த அலுவலகத்தில் அந்தப் பட்டியல் முழுக்க இலக்கங்களாகவே இருக்கும். அதில் எது யாருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

போல்டர் அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துச் சரிக்கட்டினோம். ஆனால் அக்கா தன் கணினியில் என்கிரிப்ட் போட்டு, அதாவது சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டி, வைத்திருந்த சில கோப்புகள் திறக்கவே இல்லை. அவற்றின் சாவி இருந்த இடம் அழித்த அந்தப் புரொபைல். சாவி தொலைந்தால் திறக்க உதவும் மீட்புச் சான்றிதழும் அங்கே எவரிடமும் இருக்கவில்லை. அக்கா கடதாசிக் கோப்புகளைத் தேடி எடுத்துத் திரும்பத் தட்டச்சுச் செய்தார். ஒரு நிமிட அவசரத்துக்கு இன்னொருவர் கொடுத்த விலை அது.

இடமாற்றம் ரத்தாகாவிட்டாலும் அழிப்பது பிழைதான். கணக்காய்வுக்காரர் அடுத்த வருடம் வந்து, இந்தக் கோப்பை மாற்றியது யார் என்று கேட்பார். அழித்த கணக்கென்றால் பழைய பதிவுகளில் பல இடங்களில் வெறும் இலக்கம்தான் நிற்கும்.

ஆகவே ஆள் போகும் நாளில் கணக்கை முடக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவர் எந்தெந்தக் குழுக்களில் இருந்தார் என்று எழுதி வைத்துவிட்டு அவற்றிலிருந்து எடுத்துவிடுங்கள். கணக்கின் விபரப் பகுதியில் திகதியையும் இடமாற்றக் கடித இலக்கத்தையும் எழுதுங்கள். முடக்கிய கணக்குகளுக்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்து அதற்குள் நகர்த்துங்கள். மேன்முறையீடும் கணக்காய்வும் முடியும்வரை அது அங்கேயே கிடக்கட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? அதே பெயரில் புதிதாகத் திறந்துவிடாதீர்கள், பழையதை மீட்கும்போது பெயர் மோதும். அக்டிவ் டிரெக்டரியில் ரீசைக்கிள் பின் என்ற வசதி விண்டோஸ் சேவர் 2008 ஆர்2 காலத்திலிருந்து இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால், அழித்த கணக்கு அதே எஸ்ஐடியோடும் குழுக்களோடும் திரும்பும். வழமையான அமைப்பில் 180 நாள் அவகாசம். ஆனால் அது தானாக இயங்காது, நீங்கள்தான் முன்கூட்டியே இயக்க வேண்டும். அழித்த பிறகு இயக்கினால் அந்தக் கணக்குக்கு உதவாது. ஒருமுறை இயக்கினால் நிறுத்தவும் முடியாது, நிறுத்த வேண்டிய தேவையும் வராது. இன்றைக்கே பாருங்கள். அது இல்லாத இடத்திலும் எஸ்ஐடியை மீட்க வழி உண்டு, ஆனால் குழு உறுப்புரிமைகள் வராது, கையால்தான் சேர்க்க வேண்டும்.

மின்னஞ்சலுக்கு அவகாசம் இன்னும் குறைவு. கூகுள் வேர்க்ஸ்பேஸில் அழித்த கணக்கை மீட்க 20 நாள், மைக்ரோசொப்ட் 365 இல் 30 நாள்.

போனவரின் கணக்கை அப்படியே விடுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களும் உண்டு. ஆள் போய் ஒரு வருடம், கணக்கு உயிரோடு இருக்கிறது, பாஸ்வேர்ட் பக்கத்து மேசைக்குத் தெரியும். இதில் பெரும்பாலும் தொழில்நுட்பக்காரர் மேல் குற்றமில்லை. ஆள் போனதே அவருக்குத் தெரியாது. இடமாற்றக் கடிதத்தின் அடியில் பிரதிகள் என்று ஒரு பட்டியல் வருமே, அதில் உங்கள் பிரிவையும் சேர்க்கும்படி நிர்வாகக் கிளையிடம் கேளுங்கள். நான் பார்த்த வழிகளுள் இதைவிட நன்றாக வேலை செய்தது எதுவும் இல்லை.

கிளைக்கு ஒரு கணக்கு

கணக்குக் கிளைக்கு ஒன்று, காணிக் கிளைக்கு ஒன்று என்று திறந்து எல்லோரும் அதையே பாவிப்பது. ஏதாவது அழிந்தால் பதிவேடு கிளையின் பெயரைக் காட்டும், ஆளைக் காட்டாது. கடைசியில் பழி போய் விழுவது கிளையிலேயே ஆக இளைய உத்தியோகத்தர் மேல். அதற்காகவே இதை வெறுக்கிறேன். ஆளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள், பொதுப் போல்டருக்கான அனுமதியைக் குழுவுக்குக் கொடுங்கள். புதியவர் வந்தால் குழுவில் சேர்த்தால் போதும். சேர்த்த பிறகு அவர் ஒருமுறை லொக் ஓவ் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும், அதுவரை புது அனுமதி வேலை செய்யாது. இது தெரியாமல் அரை நாள் மினக்கெட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் அட்மின் உரிமை

கணினியில் எதையும் மாற்றக்கூடிய அந்த உரிமையைப் பிரின்டர் வேலை செய்யவில்லை என்பதற்காகக் கொடுக்காதீர்கள்.

மணிக்கூட்டைப் பார்க்காமல் பாஸ்வேர்டை மாற்றுவது

கரண்ட் அடிக்கடி போய்வரும் இடங்களில் பழைய கணினிகளின் மதர்போர்ட் பற்றரி செத்துக் கிடக்கும். நேரமும் திகதியும் எங்கோ பின்னுக்கு நிற்கும். சேவரின் நேரத்திலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், லொகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் அனுமதி மறுக்கும், அதுதான் வழமையான எல்லை. பாவனையாளர் பாஸ்வேர்ட் பிழை என்றுதான் சொல்வார். முதலில் திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள்.

90 நாளுக்கொருமுறை கட்டாயப் பாஸ்வேர்ட் மாற்றம்

மைக்ரோசொப்டே 2019 இல் தன் பரிந்துரையிலிருந்து அதை நீக்கிவிட்டது. நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள், கசிந்தது என்று சந்தேகம் வந்தால் உடனே மாற்றுங்கள்.

டொமைன் அட்மின் பாஸ்வேர்ட் ஒருவரிடம் மட்டும்

முழு வலையமைப்பையும் ஆளும் பாஸ்வேர்ட் அது. இடமாற்றம் உங்களுக்கும் வரும். பாஸ்வேர்டை எழுதி, உறையிலிட்டு, ஒட்டின இடத்தில் கையெழுத்தும் திகதியும் வைத்து, அலுவலகத் தலைவரின் பெட்டகத்தில் வையுங்கள். மாற்றும் ஒவ்வொரு தடவையும் உறையையும் மாற்றுங்கள். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் புதியவரை உங்கள் பக்கத்தில் இருத்தி, அந்த உறையில் உள்ளதைக் கொண்டே லொகின் பண்ணச் சொல்லுங்கள்.