ஓர் ஆங்கிலக் கிராமத்தின் குடும்பக் கதையைத் தேடுவது எப்படி? ஈம் ஊரை வைத்து ஒரு செய்முறை

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு கிராமம் இருக்கிறது. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'இயாம்' என்று வரும். நானும் அப்படிச் சொல்லி வழி கேட்டு முழித்தவன்தான். 1665-66இல் கொள்ளைநோய் வந்தபோது, பக்கத்து ஊர்களுக்குப் பரவிவிடக் கூடாதென்று தன்னைத்தானே அடைத்துக்கொண்ட ஊர் இது. குடும்ப வரலாறு தேடிப் பழக இது நல்ல ஊர். நீங்கள் தேடுவது வேறு கிராமமானாலும் வழி ஒன்றுதான்.

முதலில் 'பாரிஷ்' என்ற சொல். நம்மூர் கத்தோலிக்கர் 'பங்கு' என்கிறார்களே, அதேதான்: ஒரு தேவாலயம், அதைச் சேர்ந்த ஊர்கள். ஆனால் அங்கே ஏழைகளுக்குப் படியளப்பது, சாலையைச் செப்பனிடுவது என்று எல்லாமே நெடுங்காலம் பாரிஷின் தலையில்தான் விழுந்தது. செலவு இருந்தால் கணக்கு இருக்கும். நமக்குக் கிடைப்பது அந்தக் கணக்குதான்.

படி 1: பின்னோக்கிப் போங்கள்

எடுத்த எடுப்பில் 1665க்குத் தாவாதீர்கள். 1921 சென்சஸில் தொடங்கி, பத்துப் பத்து ஆண்டாக 1841 வரை இறங்குங்கள். 1851 முதல் ஒவ்வொருவரும் பிறந்த ஊரும் பதிவாகியிருக்கும். 1841இல் மட்டும் ஒரு வில்லங்கம்: பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். அவரே 1851இல் 49 என்று வந்தால், வேறு ஆள் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

படி 2: தேவாலயப் பதிவேடு

பிறப்பு இறப்பை அரசே பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். அதற்கு முன் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிய பாரிஷ் பதிவேடுதான் கதி. இப்படி எழுதிவைக்கச் சொல்லி ஆணை வந்தது 1538இல். ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் தளங்களில் இலவசமாகத் தேடலாம். ஈம் போன்ற ஊர்களின் பழைய ஏடுகளுக்கு மேட்லாக்கில் உள்ள டெர்பிஷயர் ஆவணக் காப்பகத்தை அணுக வேண்டும். இணையத்தில் பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தையும் பாருங்கள். 1813க்குப் பிந்திய ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலும் இருக்கும். ஈம் வட்டாரத்தில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறையவே தென்படுவார்கள்.

படி 3: தேதியில் ஏமாறாதீர்கள்

நான் வசமாக மாட்டியது இங்கேதான். வேறொரு ஊர்ப் பதிவேட்டில் ஒரு தம்பதிக்கு 1702 மே மாதம் கல்யாணம்; குழந்தைக்கு 1702 பிப்ரவரியில் ஞானஸ்நானம். 'ஓஹோ, அப்படியா சங்கதி' என்று குறிப்பேட்டில் எழுதியே வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆக மே மாதத்துக்குப் பிறகு வருவதுதான் அந்த பிப்ரவரி. நம் கணக்கில் 1703. கல்யாணமாகி ஒன்பது மாதம். அந்த அம்மாளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1702/3 என்று இரட்டையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரு வரியை அல்ல, பக்கத்தைப் படியுங்கள்

ஈமில் நோய்க்கு முதல் பலி ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தையல்காரர். லண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு நோயும் வந்தது என்பார்கள். 1665 செப்டம்பர் 7இல் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தார். ஒரே ஒரு ஹான்காக்கைத் தேடிப் போகிறவருக்கு ஒரு வரிதான் கண்ணில் படும். அந்த மாதம் முழுவதையும் படித்தால்தான் வீடே காலியானது தெரியும். அவர்களின் கல்லறைகள் தேவாலய வளாகத்தில் இல்லை, ஊருக்கு வெளியே ரைலி வயலில் இருக்கின்றன. கல்லறையை மட்டும் நம்பித் தேடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

படி 5: பாரிஷ் பெட்டி

பாரிஷின் கணக்குகளையும் காகிதங்களையும் தேவாலயத்தில் பூட்டிவைத்த பெட்டி இது. எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒருவர் ஏழையாகிவிட்டால் எந்த பாரிஷ் அவருக்குச் சோறு போடுவது என்று ஊர்களுக்குள் ஓயாத சண்டை. 1662 சட்டத்துக்குப் பிறகு, வந்தேறியவரை விசாரித்துச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்ப முடிந்தது. அந்த வாக்குமூலம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்: எங்கே பிறந்தார், யாரிடம் வேலை பார்த்தார், எப்போது மணமுடித்தார் என்று எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரே சொன்ன கதை கையில் இருக்கும்.

வரிக் கணக்கையும் விடாதீர்கள். ஈமில் இறந்தவர்கள் சுமார் 260 பேர். ஊரில் இருந்ததே 350 பேர்தான் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். வீட்டு அடுப்புகளை எண்ணி விதித்த வரிக் கணக்கை வைத்துப் பார்த்தவர்கள், ஊரில் ஏறக்குறைய 700 பேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

ஆள் நடுவில் காணாமல் போனால் பக்கத்து பாரிஷ்களைத் தேடுங்கள். 1653-60 காலத்து ஏடுகளில் ஓட்டை விழுந்திருப்பது சகஜம். 18, 19ஆம் நூற்றாண்டு இளைஞராக இருந்தால், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மதராஸ் மாகாண அடக்கப் பதிவுகளையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். கம்பெனி வேலைக்குக் கப்பலேறியவராக இருக்கலாம்.