கால்மாட்டுப் பிளாஸ்டர்
யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவசர அழைப்புக்கு ஓடும் தாதி நான். இதயம் நின்றுபோன நோயாளியைச் சுற்றி ஆட்கள் குவிந்த நேரத்தில், "மிஸ், கடைசி அட்ரினலின் எப்ப போட்டது?" என்று டொக்டர் கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் போக வேண்டிய மருந்து அது!

காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். மின்விசிறிக் காற்றில் பறந்தது. இப்போது கட்டில் கால்மாட்டில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டிவிடுவேன். மருந்தை ஏற்றிய கையோடு மார்க்கரால் நேரம். சுவர் மணிக்கூட்டு நேரம் மட்டும்தான், போனைப் பார்க்கக் கூடாது. நெஞ்சை அழுத்துபவர் 2 நிமிடத்துக்கொரு தடவை மாறும்போது ஒரு கோடு. எல்லாம் முடிந்த பிறகு அதைப் பார்த்து டிக்கெட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவேட்டில், எழுதினால் சரி.