டெர்மினலில் ஓடும் புரோகிராம் ஸ்கிரிப்டுக்கு மட்டும் ஏன் சிக்குவதில்லை?

வீடியோ, ஆடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற புரோகிராம் இருக்கும் இடத்தை என் பைத்தான் ஸ்கிரிப்டில் முழுப் பாதையாகவே எழுதி வைத்திருந்தேன். பழைய இன்டெல் மேக்கில் ஜோராக ஓடியது, எம்1 மேக்குக்கு மாறியதும் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று நின்றுவிட்டது. மேக்கில் மென்பொருள் நிறுவித் தரும் ஹோம்ப்ரூ, இன்டெல்லில் 'யூஎஸ்ஆர் லோக்கல்' அடியில் வைப்பதை, ஆப்பிள் சிப்பில் 'ஆப்ட் ஹோம்ப்ரூ' அடியில் வைக்கும். தப்பு என்னுடையதுதான்.

சரி, புரோகிராம்களை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற பட்டியல் 'பாத்' (PATH) என்ற மாறியில் இருக்கிறதே, அதை நாமே வெட்டித் தேடிக்கொள்ளலாம் என்று லூப் எழுதுவார்கள். லினக்ஸில் முக்காற்புள்ளியால் பிரித்தால் போதும். விண்டோஸிலோ அரைப்புள்ளி, போதாததற்கு டாட் இஎக்ஸ்இ போன்ற பின்னொட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்க வேண்டும். ஃபோல்டருக்கும் எக்ஸிக்யூட் அனுமதி இருக்கும் என்பதை மறந்தால், கடைசியில் ஃபோல்டரை இயக்கப் பார்ப்பீர்கள். பைத்தான் 3.3-லிருந்தே அதனுடன் வரும் ஷட்டில் (shutil) மாட்யூலில், பெயரைக் கொடுத்தால் பாத்தில் தேடி முழுப் பாதையைத் தரும் 'விச்' (which) இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் முடிந்தது.

ஆனால் விச்சையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கையால் ஓட்டினால் ஓடுகிற ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் (cron) போட்டதும் படுத்துக்கொள்ளும், ஏனென்றால் க்ரானின் பாத்தில் வழக்கமாக 'பின்', 'யூஎஸ்ஆர் பின்' இரண்டுதான் இருக்கும், டெர்மினல் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) ஃபைலில் நீங்கள் சேர்த்தது எதுவும் அங்கே வராது. விச் 'நன்' (None, எதுவும் இல்லை) என்று திருப்பித் தரும், அதைச் சரிபார்க்காமல் புரோகிராமை ஓட்டும் சப்பிராசஸுக்குக் கொடுத்தால் 'டைப்எரர்' வரும், அப்புறம் இல்லாத இடத்தில் பிழையைத் தேடி அரை நாள் போகும்.

விண்டோஸில் இதற்கு நேர் எதிரான கூத்து: ஸ்கிரிப்டை இஎக்ஸ்இயாகக் கட்டிக் கொடுத்தால், தனியாகப் பைத்தானே போடாத கணினியிலும் விச் பைத்தானைக் கண்டுபிடித்துவிடும். 'விண்டோஸ்ஆப்ஸ்' ஃபோல்டரில் 0 பைட் அளவில் அந்தப் பெயரில் ஒன்று உட்கார்ந்திருக்கும், வெறுமனே ஓட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்தான் திறக்கும். அதனால் கிடைத்ததை ஒருமுறை வெர்ஷன் கேட்டு ஓட்டிப் பாருங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் ஓடுகிற அதே பைத்தான்தான் வேண்டுமென்றால் தேடவே வேண்டாம், 'சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்' (sys.executable) போதும். ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்டிலும் சரியாக வரும்.

இன்னொன்று, இது பாதுகாப்பு சமாச்சாரம். விண்டோஸில் பெயரை மட்டும் கொடுத்தால் பல நேரம் நடப்பு ஃபோல்டரில்தான் முதலில் தேடும். யாரோ அனுப்பிய ஜிப்பைப் பிரித்து அதற்குள் நின்று ஸ்கிரிப்டை ஓட்டுகிறீர்கள், உங்கள் ஸ்கிரிப்ட் கூப்பிடும் 'கிட்' (git) என்ற பெயரிலேயே உள்ளே ஒரு போலி இஎக்ஸ்இ இருக்கிறது, கதை அவ்வளவுதான். கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியில் 2022-இல் வந்த 1.19 பதிப்பிலிருந்து இப்படி நடப்பு ஃபோல்டரில் கிடைப்பதைப் பிழையாகவே சொல்லிவிடுகிறார்கள்.

நான் இப்போது செய்வது: பயனர் கான்ஃபிக்கில் பாதை கொடுத்திருந்தால் அது, இல்லாவிட்டால் விச், அதிலும் இல்லாவிட்டால் அந்த நேரத்துப் பாத்தை முழுசாக அச்சடித்துவிட்டு நிறுத்திவிடுவது.