கண்ணாடி டைலுக்குப் பலமுறை உதவும் களிமண் அச்சு

கண்ணாடித் துகளைச் சூளையில் உருக்கி டைல் செய்பவர்கள் பெரும்பாலும் பிளாஸ்டரும் சிலிக்கா மாவும் கலந்த அச்சில்தான் தொடங்குகிறார்கள். அதைச் செய்வது எளிது. ஆனால் சூளைச் சூட்டில் பிளாஸ்டர் தன் உறுதியை இழப்பதால், ஒன்றிரண்டு சுடுகைகளிலேயே பொடியத் தொடங்கிவிடும். ஒரே வடிவில் பல டைல்கள் வேண்டுமென்றால், மெருகு பூசாமல் ஒருமுறை சுட்ட களிமண் அச்சே சிறந்தது.

குளிரும்போது கண்ணாடி சுட்ட மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால், குழிந்த அச்சின் சுவரிலிருந்து தானாகவே விலகிக்கொள்ளும். எஃகு கண்ணாடியைவிடவும் அதிகமாகச் சுருங்கும் என்பதால், குழிந்த எஃகு அச்சில் டைல் நெரிபட்டு உடையக்கூடும். களிமண்ணிலும் ஓர் இடத்தில் கவனம் வேண்டும்: அச்சின் தரையில் மேடான வேலைப்பாடு இருந்தால், சுருங்கும் கண்ணாடி அந்த மேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே மேடுகளுக்குச் சுற்றுச்சுவரைவிடக் கூடுதலான சரிவு தேவை.

முதலில் மூல மாதிரியை மரத்திலோ மெழுகுக் களிமண்ணிலோ செய்துகொள்ள வேண்டும். பக்கங்கள் குறைந்தது 5 முதல் 10 பாகை சரிந்திருக்கட்டும். களிமண் சுருங்கும் அளவைத் தெரிந்துகொள்ள, அதே மண்ணில் ஒரு பட்டை உருட்டி, 100 மி.மீ. கோடு கீறி, உலர்த்திச் சுட்டு அளந்து பாருங்கள். கோடு 93 மி.மீ. ஆகியிருந்தால், 100 மி.மீ. டைலுக்கு மாதிரி ஏறத்தாழ 107.5 மி.மீ. இருக்க வேண்டும்.

சுட்ட மண் குருணை கலந்த களிமண்ணை 2 செ.மீ. தடிமனில் தட்டி, சோளமாவு தூவிய மாதிரியின்மேல் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். மண் சற்று இறுகியதும் மாதிரியை எடுத்துவிட்டு, அச்சின் வாய்க்கு நேர்மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். சுவரின் எந்தப் பகுதியாவது கண்ணுக்கு மறைந்தால் அங்கே உட்குழிவு இருக்கிறது, டைல் அங்கேதான் மாட்டும். அதைச் சீவிச் சரிசெய்து, இரு பலகைகளுக்கிடையே மெதுவாக உலர்த்தி, ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸில் சுடுங்கள். அதைவிட மிகுதியாகச் சுட்டால் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு, அடுத்துப் பூசும் பூச்சு பிடிக்காது.

அலுமினா ஹைட்ரேட் என்னும் வெண்பொடியும் கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணும் கலந்த சூளைப் பூச்சுதான் கண்ணாடி மண்ணில் ஒட்டாமல் காக்கிறது. மென்மையான தூரிகையால், ஒவ்வொரு முறையும் திசையை மாற்றி, நான்கைந்து மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். மூலைகளில் தேங்கினால் டைலின் விளிம்பு மழுங்கும். உலர்ந்தபின் விரல்நுனியால் லேசாகத் தேய்த்துத் தூரிகைக் கோடுகளைப் போக்குவது நல்லது. இல்லையேல் அவை அப்படியே கண்ணாடியில் பதியும்.

கண்ணாடியின் எடையைக் கணக்கிடக் கொள்ளளவை 2.5ஆல் பெருக்கினால் போதும். 10 செ.மீ. சதுரமும் 8 மி.மீ. கனமும் கொண்ட டைலின் கொள்ளளவு 80 கன செ.மீ.; அதற்கு 200 கிராம் துகள் வேண்டும். ஒழுங்கற்ற வடிவமானால், பூச்சு அடிக்கும் முன்பே நுண்மணலை நிரப்பி அளந்துகொள்ளுங்கள். தண்ணீரை ஊற்றினால் மண் உறிஞ்சிவிடும். துகளைக் கொட்டும்போது தூசு வடிக்கும் முகக்கவசம் கட்டாயம்.

அச்சைச் சூளைத் தட்டிலிருந்து சூடு தாங்கும் சிறு துண்டுகளால் உயர்த்தி வைத்து, 600 பாகை வரை மணிக்கு 150 பாகைக்கு மேற்படாமல் ஏற்றுங்கள். உருக்குவதற்கென விற்கப்படும் கண்ணாடிக்கு 800 முதல் 830 பாகை பொதுவாகப் போதுமானது. ஜன்னல் கண்ணாடிக்கு இன்னும் அதிகம் தேவை. பதப்படுத்தும் வெப்பநிலை, அதாவது உள்ளிறுக்கம் நீங்கக் கண்ணாடியை நிறுத்திவைத்து மெதுவாக ஆறவிடும் சூடு, கண்ணாடிக்குக் கண்ணாடி வேறுபடுவதால், தயாரிப்பாளரின் அட்டவணையையே பின்பற்ற வேண்டும்.

டைலை எடுத்தபின், பழைய பூச்சைக் காய்ந்த தூரிகையால் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். இந்தச் சூட்டில் ஒரு பூச்சை இருமுறை நம்புவது வீண் சிக்கனம். அச்சு முழுதும் உலராமல் சூளைக்குள் போகக் கூடாது. அச்சைத் தட்டிப் பார்த்து மந்தமான ஒலி வந்தால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது என்று கொண்டு, அதை ஒதுக்கிவிட்டு, பத்திரப்படுத்திய மூல மாதிரியிலிருந்து வேறோர் அச்சு எடுத்துக்கொள்ளலாம்.