பழைய என்ஜினில் ஃபிளஷ் ஊற்றுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாக மண்டி ஒட்டிக் கிடக்கும். ஒரு ஃபிளஷ் போத்தல் வாங்கி ஊற்றினால் எல்லாம் கரைந்து வந்துவிடும் என்று கை பரபரக்கும். கராஜுக்குப் புதிதாக வரும் தம்பிமார் இதைத்தான் செய்கிறார்கள். நாங்கள் அந்த நாளில் செய்ததும் இதுதான். போத்தலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருகோணமலையில் இப்படியான என்ஜின்கள் கூடியதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அதுவரை எல்லோரும் இருந்ததையே வைத்து ஓட்டினார்கள். 2022இல் ஒயில் விலை ஏறியதும் மாற்ற வேண்டிய ஒயிலை இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டார்கள். அதே வருடம் எரிபொருள் வரிசையில் ஸ்டார்ட் பண்ணுவது, பத்து அடி நகர்வது, நிறுத்துவது. மண்டி கட்டுவதற்கு இதைவிடத் தோதான ஓட்டம் கிடையாது. என்ஜின் சூடேறாவிட்டால் எரிவில் உண்டாகும் நீரும் எரியாத எரிபொருளும் சம்புக்குள், அதாவது என்ஜினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டுக்குள் இறங்கி ஒயிலோடு தங்கிவிடும். நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். அதனால்தான் ஓர்ஸ் ஹில்லில் இருந்து பள்ளிக்கூடம், சந்தை, திரும்ப வீடு என்று ஓடும் காரைத் திறந்தால், கொழும்புக்கு வாராவாரம் ஹயர் போகும் வானைவிட மோசமாக இருக்கும். மீற்றரில் ஓட்டம் குறைவு என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஒயில் வடிக்கும் நட்டை இறுக்க மறப்பது, ஒயில் அளவு பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் ஒருமுறை சுட்டால் தானாக விளங்கும்.

கறுப்பு ஒயில் எல்லாம் மண்டி என்று நினைப்பது

டீசல் என்ஜினில் புது ஒயில் ஊற்றிய கொஞ்சத் தூரத்திலேயே கறுத்துவிடும். அது கரி. அதைப் படிய விடாமல் மிதக்க வைத்திருப்பதுதான் நல்ல ஒயிலின் வேலை. டிப்ஸ்டிக்கில் ஒரு சொட்டை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். மணல்போல் நெருடாமல் வழுக்கினால் பயமில்லை.

மூடிக்கு அடியில் வெளிறிய நுரை இருந்தால் அது வேறு கதை. தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குட்டி ஓட்டத்தால் வந்ததா, ரேடியேட்டர் தண்ணீரை ஒயிலோடு சேரவிடாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போனதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறதென்றால் எந்தப் போத்தலும் உதவாது.

திறந்து பார்க்காமல் ஊற்றுவது

கிண்ணியாவில் இருந்து ஒரு நானா வந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் டவுன்ஏஸ் வான், 2சி டீசல் என்ஜின். ஒயில் மாற்றிய இடத்தில், ஒரு போத்தல் நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது என்று இரண்டையும் ஊற்றியிருக்கிறார்கள். வடிந்தது கன்னங்கரேல் என்று வர, எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஹபரணைக்கு ஒரு ஹயர். கந்தளாய் தாண்டியதும் ஒயில் லைட் மினுங்கத் தொடங்கியிருக்கிறது. அக்சிலேட்டரை மிதித்தால் அணைந்தது. சென்சர்தான் பழுது என்று முடிவுகட்டி, போய்த் திரும்பியும் வந்துவிட்டார். வந்தபோது கீழே டொக் டொக்.

“புது ஒயில், புது பில்டர் எல்லாம் போட்டதுதானே அண்ணன்?”

“பில்டர் எங்க இருக்கு நானா? பம்புக்கு முன்னாலயா, பின்னாலயா?”

பலருக்குத் தெரியாத இடம் இது. ஒயில் முதலில் சம்பின் அடியில் இருக்கும் ஸ்ட்ரெயினர் வலை வழியாகப் பம்புக்குப் போகிறது. பம்புக்குப் பிறகுதான் பில்டர். ஃபிளஷில் இருக்கும் கரைப்பான், வருடக்கணக்காக இறுகிய மண்டி முழுவதையும் பத்து நிமிடத்தில் கரைத்துவிடாது. ஓரங்களை இளக்கும். இளகியது துண்டு துண்டாகப் பெயரும். கொஞ்சம் ஒயிலோடு வடியும், மிச்சம் உள்ளேயே கிடந்து, புது ஒயில் ஓடத் தொடங்கியதும் வலைக்குப் போய்ச் சேரும். பம்பு உறிஞ்ச உறிஞ்ச வலையில் இன்னும் இறுகும். பம்புக்கே ஒயில் வராதபோது பில்டர் எவ்வளவு புதிதாக இருந்தும் என்ன செய்ய?

அந்தச் சிவப்பு லைட்டையும் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். அது ஒயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அதுவும் பெரும்பாலான வாகனங்களில் அழுத்தம் 0.3, 0.5 பார் அளவுக்கு விழுந்த பிறகுதான் எரியும். ஓட்டத்தில் 3 பார் அளவில் இருக்க வேண்டியது 1 பாருக்கு இறங்கினாலும் லைட் வாயே திறக்காது. அது மினுங்கும்போது பேரிங் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கிறது. மிதித்தால் அணைகிறது என்றால் சென்சர் நல்லாகவே இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சம்பைக் கழற்றினோம். தேத்தண்ணி வடியில் சாயம் இறங்காமல் சக்கை அடைத்ததுபோல் இருந்தது வலை. கிராங்க்கை இறக்கி லேத்துக்கு அனுப்பி, பேரிங் செட் மாற்றி, அதுவரை பிள்ளைகளை ஏற்ற வேறு வானை வாடகைக்குப் பிடித்து... கணக்கு எங்கே போய் நின்றது என்று அவருக்குத்தான் தெரியும்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதற்குப் பிறகு வரும் பேச்சில். “அந்தப் போத்தல் சரியில்லை, வேறு பிராண்ட் ஊற்றியிருக்க வேணும்.” போத்தல் அதன் வேலையைச் சரியாகச் செய்தது. பெயர்க்கச் சொன்னார்கள், பெயர்த்தது. பெயர்வது எங்கே போகும் என்று யோசிக்க வேண்டியவர் ஊற்றியவர்.

முதலில் என்ஜினின் மேல்மூடியான டப்பட் கவரைக் கழற்றுங்கள். கொஞ்ச நேர வேலை, ஒரு கேஸ்கட் செலவு. உள்ளே பழுப்பாக வெறும் படலம் மட்டும் என்றால் போத்தல் ஊற்றலாம். கரண்டியால் வழித்தெடுக்கும் அளவுக்கு இருந்தால் போத்தலை அலுமாரியிலேயே வைத்துவிட்டுச் சம்பை இறக்குங்கள். வலையைக் கழுவி, சுரண்டக்கூடியதைக் கையால் சுரண்டி, துடைத்து எடுங்கள். சில வாகனங்களில் குறுக்குச் சட்டத்தை இறக்காமல் சம்ப் வராது. அலுப்புத்தான், ஆனாலும் கிராங்க் இறக்குவதைவிட லேசு. முடிந்தால் சென்சர் துளையில் ஒரு பிரஷர் கேஜ் பூட்டி, ஃபிளஷுக்கு முன்னும் பின்னும் சூடான என்ஜினில் அளந்து எழுதி வையுங்கள்.

ஃபிளஷோடு வீதிக்கு இறங்குவது

கடையில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று வேகமானது. வழக்கமாக 300 மில்லிலீற்றர் போத்தல், 5 லீற்றர் ஒயிலுக்குக் கணக்கு. சூடான என்ஜினில் ஊற்றி, நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஐட்லில் விட்டு உடனே வடிக்க வேண்டும். அக்சிலேட்டரை மிதித்து ரேஸ் பண்ணக்கூடாது, ஒயில் அப்போது தண்ணிபோல் இளகிப் போயிருக்கும். மற்றது மெதுவானது. ஒயில் மாற்றுவதற்கு 150, 200 கிலோமீற்றர் இருக்கும்போது ஊற்றி ஓடுவதற்கென்றே செய்தது. முதலாவதை ஊற்றிவிட்டு நிலாவெளி வரை ஒரு சுற்றுப் போய் வந்தால் பேரிங்கைத்தான் கழுவுவீர்கள்.

மண்ணெண்ணெய்

வேண்டாம்.

மோட்டார் சைக்கிள், ஆட்டோ

கிளட்ச் தட்டுகள் அதே ஒயிலில்தான் நனைகின்றன. இந்த ஃபிளஷ் அங்கே ஆகாது.

பில்டரை முதலே மாற்றுவது

ஃபிளஷை வடித்த பிறகு மாற்றுங்கள்.

கசிவை மறைக்கத் தடித்த ஒயில் ஊற்றுவது

பழைய சீல்கள் இறுகிப்போய், மண்டிதான் இடைவெளியை அடைத்து வைத்திருக்கும். கழுவியதும் கசியும். கழுவியதால் பழுதானதல்ல, பழுது வெளியே தெரிகிறது. உடனே 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயில் ஊற்றினால் கேஜில் முள் ஏறும், கசிவும் கொஞ்சம் அடங்கும். ஆனால் பழுதான சீல் அப்படியே இருக்கும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒயில் மேலே ஏறவும் தாமதமாகும். சீலை மாற்றுங்கள்.

அடுத்த ஒயிலை வழக்கமான ஓட்டம் வரை விடுவது

கழுவிய பிறகும் மண்டி இளகிக்கொண்டே இருக்கும். 1,000 கிலோமீற்றரில் ஒயிலையும் பில்டரையும் திரும்ப மாற்ற வேண்டும். விலை கூடிய ஒயில் தேவையில்லை, டீசலுக்கென்று இருக்கும் சாதாரண 15டபிள்யூ-40 போதும். சீனக்குடாவில் ஒயில் கலக்கும் ஆலையையே வைத்துக்கொண்டு, ஒயில் மாற்றக் கஞ்சப்பட்டுப் போத்தலில் நம்பிக்கை வைக்கிறோம்! கழற்றிய பில்டரை எறிய முன் தகரத்தை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். கறுப்புத் துகள் இருந்தால் இன்னொரு 1,000 கிலோமீற்றரில் திரும்ப மாற்றுங்கள். மினுங்கும் உலோகத் துகள் இருந்தால் வண்டியை எடுக்காமல் சம்பைக் கழற்றுங்கள்.